செபத்தின் பெயர் தாங்கிய பந்து

அமெரிக்க நாட்டில் வணிகரும் வழக்கறிஞரும் அரசியலாரும் வழங்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. வேறு வழி ஏதுமின்றி, கடைசி நேரத்தில், ஆனது ஆகட்டுமென்று செய்து பார்க்கும் முயற்சியை அவர்கள் 'ஹெய்ல் மேரி' என்கின்றனர். செபமாலையில் நாம் 53 முறை சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் ஆங்கிலப் பெயரே அது. அச்செபத்துக்கு இப்பொருள் வந்து சேர்ந்த இடம் விளையாட்டுத் திடல்.

அமெரிக்கக் கால்பந்து நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அன்று. நீள்வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே அதில் பெரும்பகுதி. அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கப் போதும்.

1922 அக்டோபர் 28 அன்று, தேவதாயின் பெயர் பூண்ட நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அணி, அட்லாண்டா நகரில் ஜார்ஜியா டெக் அணியை எதிர்த்து ஆடியது. கத்தோலிக்கர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம். வெறுப்பு மிகுந்திருந்த மாநிலம். எல்லைக்கோட்டின் அருகே முன்னேற்றம் தடைப்பட்டபோது, "அருள் நிறைந்த மரியே சொல்வோம்" என்று யோசனை கூறினார் நோபிள் கைசர் என்னும் வீரர். இருமுறை செபித்தனர், இருமுறையும் எல்லையைக் கடந்தனர். இவ்வாறு பிற்காலத்தில் கூறியவர் அவ்வணியின் ஜிம் குரோலி. இதில் நம்மை மகிழ்விப்பது, கைசர் கத்தோலிக்கரல்லர், பிரெஸ்பிட்டேரியன் சபையினர் என்பதே.

அரை நூற்றாண்டு கழித்து, 1972 டிசம்பர் 23 அன்று, பிட்ஸ்பர்க் நகரில் மற்றொரு விந்தை. ஆட்டம் முடிய 22 வினாடிகள். ஸ்டீலர்ஸ் அணி 6–7 எனப் பின்தங்கி நின்றது. டெரி பிராட்ஷா எறிந்த பந்து, மோதிக்கொண்ட இருவரிடையே பட்டுத் தெறித்தது. தரையைத் தொடுமுன் அதைக் குனிந்து அள்ளிய இளம் வீரர் பிராங்கோ ஹாரிஸ் எல்லைவரை ஓடிவிட்டார். அன்றைய விதிப்படி, எறிந்த பந்தை ஒரே அணியினர் இருவர் அடுத்தடுத்துத் தொடலாகாது. பந்து பட்டது எதிரணியின் டேட்டம் மீதா, சொந்த அணியின் பூக்கா மீதா? பூக்கா பல ஆண்டுகள் கழித்தும் வாய் திறக்கவில்லை; பாவசங்கீர்த்தன இரகசியம் காக்கும் குருவானவர் தோற்றார்! மக்களோ அமல உற்பவத்தின் ஆங்கிலப் பெயரைச் சற்றே திரித்து, 'இம்மாகுலேட் ரிசெப்ஷன்' என்று அதற்குப் பெயரிட்டுவிட்டனர். விசுவாசப் பிரகடனத்தைச் சிலேடையாக்கியது நமக்கு உவப்பில்லை. அணியின் உரிமையாளரும் நல்ல கத்தோலிக்கருமான ஆர்ட் ரூனி இவ்விந்தையைக் காணவே இல்லை. தோல்வி உறுதியென்று எண்ணி, வீரர்களைத் தேற்றுவதற்காக மின்தூக்கியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாண்டுகள் சென்று, 1975 டிசம்பர் 28. மினசோட்டா மாநிலத்தின் கடுங்குளிரில் வைக்கிங்ஸ் அணி 14–10 என்று முன்னணியில் நின்றது. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு எஞ்சியிருந்தது ஏறத்தாழ அரை நிமிடமே. கடற்படைக் கல்லூரியில் பயின்று, வியட்நாமில் பணியாற்றித் திரும்பிய ரோஜர் ஸ்டாபாக், திடலின் நடுவிலிருந்து நெடுந்தொலைவுக்குப் பந்தை எறிந்தார். பந்து சற்றுக் குறைந்தே விழுந்தது. துரூ பியர்சன் பின்வாங்கி, அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு எல்லையை அடைந்தார். 17–14, டல்லாஸ் வென்றது. கத்தோலிக்கரான ஸ்டாபாக், கண்களை மூடி 'அருள் நிறைந்த மரியே' சொன்னதாக நிருபர்களிடம் கூறினார். அன்றுமுதல் அப்பெயர் நாடெங்கும் நிலைத்தது.

பியர்சன் தம் எதிராளியைத் தள்ளினார் என்று மினசோட்டா மக்கள் கொதித்தெழுந்தனர். கூட்டத்திலிருந்து பறந்து வந்த சாராயப் புட்டி நடுவர் ஒருவரின் நெற்றியைப் பிளந்தது. தள்ளியது உண்மையோ அன்றோ, படங்களைக் கண்டோர் இன்றும் இருவேறாகப் பேசுகின்றனர்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். தோற்ற அணியில் பந்தெறியும் பொறுப்பேற்றிருந்தவர் பிரான் டார்க்கன்டன். அவரும் இறைப்பற்றுள்ள இல்லத்தின் பிள்ளை. தந்தையார் ஒரு போதகர். மைந்தனின் ஆட்டத்தை அப்பெரியவர் அன்று தொலைவிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில், தம் இல்லத்துத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாபாக் அப்பந்தை எறியுமுன்பே, மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. மகன் அதை அறியாமல் கடைசி வினாடிவரை ஆடினார். ஆட்டம் முடிந்த பிறகே செய்தி அவரை எட்டியது.