பத்துமணிப் பூ

வெயில் ஏறும் பத்து மணியளவில் விரிந்து பிற்பகலிற் குவிந்துவிடுவதால் இப்பூ பத்துமணிப் பூ எனப்படுகின்றது. மந்தாரமான நாளில் விரியாமலே இருந்துவிடுவதும் உண்டு.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. ஆர்ஜென்டீனாவின் மெந்தோசாப் பகுதியில், மணற்பாங்கான நிலத்தில் ஜோன் கில்லீஸ் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் கண்ட இச்செடியை, 1829ஆம் ஆண்டில் வில்லியம் ஹூக்கர் தாவரவியற் பெயரிட்டு விவரித்தார். பருப்புக்கீரையின் உறவான இது பெரும்பாலும் சாணுயரத்துக்கு மேல் எழாது. தண்டிலும் ஊசிபோன்ற இலையிலும் நீரைச் சேமித்துக்கொண்டு தரையோடு படரும். பீற்றூட் கிழங்குக்குச் சிவப்பூட்டும் சாய வகையே இதன் இதழ்களுக்கும் நிறந்தருகின்றது.

வறண்ட மணலிற் பிறந்த செடிக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது அன்புதான். ஆனால் அந்த அன்பே அதனைக் கொன்றுவிடும். வாடியதுபோலத் தோன்றுவது பல வேளைகளில் வேரழுகலே. அதைத் தாகமென்றெண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் பலர். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் வார்த்தல் வேண்டும். நிழலில் வைத்தாலோ தண்டு நீளுமேயன்றிப் பூக்காது.

யாழ்ப்பாணத்தில் இதற்குச் சோதனைக் காலம் ஐப்பசி, கார்த்திகை மாரியே. மழைக்கு முன்னரே விரல் நீளத் தண்டுகளை முறித்து, மணல் மிகுந்த மண்ணில் நட்டு, மழை படாது வெயில் விழும் தாழ்வார ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். பூச்சாடி இல்லையேல் அடியில் துளையிட்ட சிரட்டையும் போதும். விதையிலிருந்து வளர்ப்பின் நிறம் மாறக்கூடும், தண்டில் மாறாது. தூள்போன்ற அவ்விதையை மண்ணிட்டு மூடாமல் ஈரமணல்மீது தூவிவிடுதல் வேண்டும்.