வென்டிலேட்டரோடு எழுந்து உட்கார்ந்தவர்கள்

மல்லாந்து படுத்ததும் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மார்புப் பக்கமாகத் தள்ளுகின்றன. நுரையீரலின் முதுகுப்புறக் காற்றறைகள் அழுந்தி மூடிக்கொள்கின்றன; சளியும் அங்கேயே தேங்குகிறது. நலமாக இருப்பவர் புரண்டு படுத்தோ, பெருமூச்சு விட்டோ, இருமியோ இதைச் சரிசெய்துகொள்வார். ஐ.சி.யூ.வில் ஆழ்ந்த மயக்க மருந்தில் கிடப்பவருக்கு இந்த மூன்றுமே கைகூடாது.

அவருக்காக வென்டிலேட்டர் மூச்சு விடுகிறது. உயிரைத் தாங்குவது அதுதான். ஆனால், வேலையில்லாத உதரவிதானம் நாம் நினைப்பதைவிட வேகமாக மெலிகிறது. 18 முதல் 69 மணி நேரம் வரை முழுக்கக் கருவியையே நம்பியிருந்த, மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளர்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அவர்களுடைய உதரவிதானத் தசை இழைகள் பாதிக்கு மேல் சிறுத்திருந்ததை 2008-ல் வெளியிட்டார்கள். மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை! கருவியைக் கழற்றும் நாளில் மூச்சை இழுக்க வேண்டியது இந்தத் தசைதான்.

கை கால்களும் தப்புவதில்லை. நுரையீரல் கடுமையாகப் பழுதாகிப் பிழைத்த 109 பேரை டொரன்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். 2003-ல் வந்த முடிவு மருத்துவ உலகின் பார்வையையே திருப்பியது. நுரையீரல் கொள்ளளவு ஆறே மாதத்தில் ஏறத்தாழ இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால், ஓராண்டு கழித்தும் அவர்களால் ஆறு நிமிடத்தில், நடக்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நடக்க முடிந்தது. தசை வற்றிப்போயிருந்தது.

அப்படியானால் வென்டிலேட்டரில் இருக்கும்போதே எழுப்பினால் என்ன? சிகாகோ, அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 104 நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். மயக்க மருந்தை எல்லோருக்கும் தினமும் சற்று நேரம் நிறுத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் அந்த விழிப்பு நேரத்திலேயே பயிற்சி. கை காலை அசைப்பது, கட்டில் விளிம்பில் உட்கார்வது, நிற்பது, இயன்றால் நடை. தன் வேலையைத் தானே செய்யும் நிலையில் வீடு திரும்பியவர்கள் அந்தப் பிரிவில் 59 சதவீதம், மற்றதில் 35. மனக்குழப்பம் நீடித்த நாட்களும் பாதியாகக் குறைந்தன. 2009-ல் இது வெளியானது.

இதைக் கேட்டதும் 'எல்லோரையும் இன்றே நடக்கவையுங்கள்' என்று கிளம்பிவிடக் கூடாது. ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், தினமும் சராசரியாக 21 நிமிடம் பயிற்சி பெற்றவர்கள், 9 நிமிடம் பெற்றவர்களைவிட மேலாகத் தேறவில்லை. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தடுமாறியது கூடுதல் பயிற்சி பெற்றவர்களிடம்தான் அதிகம். நான் புரிந்துகொள்வது இதுதான்: ஒப்பிடப்பட்டவர்களும் சும்மா கிடந்தவர்கள் அல்லர், அளவோடு அசைக்கப்பட்டவர்கள். அசைவு தேவை, அவசரம் தேவையில்லை.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஆட்கள் வேண்டும். வென்டிலேட்டர் குழாயைப் பிடிக்க ஒருவர், மானிட்டரைப் பார்க்க ஒருவர், தாங்கிக்கொள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட். செவிலியர் பற்றாக்குறை உள்ள வார்டில் முதலில் கைவிடப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

'பாவம், தொந்தரவு பண்ணாதீங்க, படுத்தே இருக்கட்டும்' என்பதுதான் வெளியே காத்திருக்கும் உறவினர்களின் பாசம். அந்தப் பாசத்தோடே மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: இன்றைக்கு மயக்க மருந்தைக் குறைக்க முடியுமா? கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாமா?