முப்பத்தாறே ‘க்ளிக்’... கலர் பத்திரம் பாஸ்!

பீச் ரோடு. காலை ஆறு மணி. காந்தி சிலைக்கு அந்தப் பக்கம் கடலுக்குள்ளிருந்து சூரியன் மெல்ல எட்டிப் பார்க்கிறது. கேமராவைத் தூக்கி ஒரு ‘க்ளிக்’. கூட வந்த காலேஜ் ஜூனியர் ஓடி வந்து, ‘‘காட்டுண்ணா!’’ என்றான். கேமராவோட முதுகைத் திருப்பிக் காட்டினேன். வெறும் கறுப்பு மூடி!

‘‘ஸ்க்ரீன் எங்கேண்ணா?’’

‘‘படம் வர பத்து நாள் ஆகும்டா!’’

‘‘போண்ணா, நீயும் உன் கேமராவும்...’’ என்று செல்ஃபி எடுக்கக் கிளம்பிவிட்டான் பையன்.

அது அப்பாவோட யாஷிகா எம்.எஃப்-2. ஒரு காலத்துல காதுகுத்து, கல்யாணம்னு வீட்டுக்கு வீடு சுற்றிய கேமரா. பரண்ல தூங்கிட்டு இருந்ததைத் தட்டி எழுப்பி, கலர் ஃபிலிம் போட்டு பாண்டிச்சேரி முழுக்க அலையறேன். ஏன் இந்த வேண்டாத வேலைன்னு கேட்கறீங்களா? காரணம், ஒரு புடவை!

அந்தப் புடவை என்ன கலர்?

எங்க வீட்டு ட்ரங்க் பெட்டியில ஒரு ஆல்பம் இருக்கு. முதல் பக்கத்துல தாத்தா-ஆயா கல்யாண போட்டோ. 1972. கறுப்பு-வெள்ளை. மாலையில பூவை எண்ணலாம், அவ்வளவு தெளிவு! அடுத்த பக்கம் 1983-ல ஸ்டுடியோவுல எடுத்த ஃபேமிலி போட்டோ. கலர். ஆனா, எல்லார் முகமும் செக்கச்செவேல். ஆயா புடவை வெளிறிப்போன ஆரஞ்சு.

‘‘ஆரஞ்சா? அது கிளிப்பச்சைடா கண்ணு. உங்க தாத்தா தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தது’’ என்றார் ஆயா.

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? தோண்டிப் பார்த்தேன். கறுப்பு-வெள்ளை படத்துல இருக்கறது வெள்ளி. ஆமா, நிஜமான உலோகம்! அதனால உறுதி. கலர் படத்துல கழுவும்போதே வெள்ளியை எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கறது மஞ்சள், மெஜந்தா, சயான்னு மூணு அடுக்கு சாயம் மட்டும்தான். அந்தக் காலத்து கலர் பேப்பர்ல சயான் ரொம்ப வீக். இருட்டுல பூட்டி வச்சாலும் மெல்ல மெல்ல மறைஞ்சிடும். நீலம் கலந்த அந்தச் சாயம் போயிட்டா பச்சை ஏது? மிச்சம் சிவப்பும் மஞ்சளும்தான்.

நெகட்டிவ் இருந்தா ஸ்கேன் பண்ணி ஓரளவு மீட்டிருக்கலாம். அந்த ஸ்டுடியோ எப்பவோ மூடியாச்சு. நெகட்டிவ் போன இடம் தெரியலை. ஆக, அந்தக் கிளிப்பச்சை இப்போ ஆயா மனசுல மட்டும்தான் இருக்கு!

நம்ம ஊர்லயே ஒரு பொக்கிஷம்

செயின்ட் லூயிஸ் வீதியில இருக்கற ஃப்ரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல தொடங்கினது. தமிழ்நாடு, புதுச்சேரி ஸ்டுடியோக்கள்ல எடுத்த பழைய குடும்பப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க. பிரிட்டிஷ் நூலகத்தோட அழியும் ஆவணங்கள் திட்டம் இதுக்குக் கை கொடுத்தது. ஆனா, அவங்க எடுத்துக்கிட்ட காலம் 1880-லிருந்து 1980 வரை. எங்க ஆயா போட்டோ மூணு வருஷம் லேட்! அதுக்கப்புறம் வந்த கலர் படங்களுக்கு நாமதான் பொறுப்பு பாஸ்.

கலரை நம்பி வாழ்ந்த கலைஞர்களும் உண்டு. ரகுபீர் சிங் (1942-1999), உலகமே ‘கறுப்பு-வெள்ளைதான் கலை’ன்னு சொன்ன காலத்துல கோடாக்ரோம் கலர் ஃபிலிமோட இந்தியா முழுக்கச் சுற்றினவர். 1996-ல ‘தமிழ்நாடு’ன்னே ஒரு புத்தகம் போட்டார். அந்த கோடாக்ரோம் தயாரிப்பு 2009-ல நின்னுபோச்சு.

முதல் ரோல்... மொத்தமும் காலி!

என் முதல் ரோல்ல வைசியாள் வீதித் தூண்கள், துய்மா வீதி மஞ்சள் சுவர், குருசுக்குப்பம் படகுன்னு சுட்டுத் தள்ளினேன். கழுவினா... ஒண்ணுமே இல்லை! ஃபிலிம் உள்ளே மாட்டவே இல்லையாம். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. அந்த அனுபவத்துல சொல்றேன், நோட் பண்ணிக்கோங்க...

* ஃபிலிமைச் சுத்தும்போது ரீவைண்ட் குமிழும் கூடவே சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா உங்களுக்கும் என் கதிதான்!

* கலர் நெகட்டிவ் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். இருட்டைத் தாங்காது. அதனால காலை, மாலை வெயில்ல ஆரம்பிங்க.

* வெயில்ல நிறுத்தின பைக் பெட்டியில ஃபிலிமை வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ்தான் பெஸ்ட். ‘‘தயிர் பக்கத்துல இன்னாடா டப்பா?’’ன்னு கேட்டா சமாளிச்சுக்கோங்க.

* சுட்டதும் சீக்கிரம் கழுவக் கொடுங்க. 1972-ல வந்த சி-41 முறைதான் இன்னிக்கும். டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிஷம் 15 செகண்ட். நம்ம ஊர் மே மாச வெயில்தான் போங்க!

* நெகட்டிவைக் கேட்டு வாங்குங்க. அதுவும் சாகாவரம் வாங்கி வரலை. ஆனா, ஈரமில்லாத இருட்டுல பத்திரமா வச்சா ரொம்ப நாள் கூட வரும்.

முப்பத்தாறாவது படம்

ரெண்டாவது ரோல்ல கடைசிப் படத்தை ஆயாவுக்குன்னு வச்சிருந்தேன். பச்சைப் புடவை கட்டச் சொல்லி, திண்ணையில உட்கார வச்சேன். ‘‘சீக்கிரம் எடுடா, உலை கொதிக்குது’’ என்றார். ஒரே ஒரு ‘க்ளிக்’. ரெண்டாவது சான்ஸ் கிடையாது. கை நடுங்குச்சு பாஸ்!

பத்து நாள் கழிச்சு பிரின்ட் வந்தது. பச்சை, பச்சையாவே இருந்தது! ஓடிப்போய் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

‘‘நல்லாதான் இருக்கு. ஆனா, இது எலப்பச்சைடா. அது கிளிப்பச்சை!’’

பென்சில் எடுத்து 1983 போட்டோவோட முதுகுல மெதுவா எழுதி வச்சேன்... ‘ஆயா புடவை - கிளிப்பச்சை’.

உங்க வீட்டு ட்ரங்க் பெட்டியையும் இன்னிக்கே திறந்து பாருங்க. நெகட்டிவ் கிடைச்சா பழைய பேப்பரோட தூக்கிப் போட்டுடாதீங்க. கிடைக்கலைன்னா... கலர் ஞாபகம் இருக்கறவங்க பக்கத்துல போய் உட்காருங்க!