துருவே காக்கும் குழல்

ரெட்டியார்பாளையத்தில் சில ஆண்டுகள் பெயின்ட் காணாத ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் விரலில் செம்பொடி ஒட்டும். கடல் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் காற்றோடு வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி அடைமழையில் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட ஊரில் நூறாண்டு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காப்பது கடினமான வேலை. அதற்குப் பழைய தொழிலாளிகள் கண்ட வழி, துருவையே துணைக்கு அழைப்பது!

மடக்கித் திறந்து பின்புறம் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கிக்கு 1830களில் பாரீஸில் உருவம் தந்தவர் கசிமிர் லெஃபோஷோ. அந்த நூற்றாண்டில் பிரான்சின் சேன்ட் எத்தியேனும் பெல்ஜியத்தின் லியேஜும் குழல் வேலைக்குப் பேர்போன ஊர்கள். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் அடுக்கிக் காய்ச்சி, கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி அடித்து ஒன்றாக்குவார்கள். மெருகிட்டால் எல்லாம் ஒரே பளபளப்பு. துரு ஏற்றும்போதுதான் இரும்பு ஒரு நிறமும் எஃகு வேறு நிறமும் கொண்டு, முறுக்கின் வரிகள் அலையலையாக மேலே வருகின்றன.

எஃகுக் குழலுக்குக் கறுப்பேற்றும் முறை பொறுமையைச் சோதிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து, அமில உப்புக் கரைசலை மெல்லத் தடவி, ஈரமான பெட்டியில் சில மணி நேரம் வைக்க வேண்டும். மெல்லிய செந்துரு படரும். பிறகு சுத்தமான தண்ணீரில் கொதிக்கவிட்டால், கண்ணெதிரே சிவப்பு கறுப்பாகிறது! செந்துரு உதிரும், ஈரம் குடிக்கும். கறுப்போ மேக்னடைட், காந்தம் இழுக்கும் அதே இரும்பு ஆக்சைடு. அது இரும்போடு இறுகப் பற்றி, எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. தளர்ந்த துகளை மென்கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, இதையே பல முறை திரும்பச் செய்தால்தான் ஆழ்ந்த கறுப்பு வரும்.

இன்றைய துப்பாக்கிகளுக்குச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் சீக்கிரமே கறுப்பேற்றிவிடலாம். பழைய இரட்டைக்குழலுக்கு அது ஆகவே ஆகாது. இரு குழல்களுக்கு இடையிலுள்ள பட்டையை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுதான் பிடித்திருக்கிறது. கரைசலின் சூடு சுமார் 140 டிகிரி. அதில் பற்று உருகாது. ஆனால் காரம் அதை அரித்துத் தின்றுவிடும். பட்டைக்கு அடியில் தங்கும் காரமோ உள்ளிருந்தே குழலைத் துருவாக்கும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை. ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் பொதுவாக இரண்டாகக் குறைத்தது. வைத்துக்கொள்ளும் இரண்டும் நல்லவையாக இருக்கட்டும் என்பேன். வாங்குமுன் குழல்களை மட்டும் கழற்றி, நூலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பற்று திடமாக இருந்தால் கணீரென்று நீளமாக ஒலிக்கும். மந்தமான சத்தம் வந்தால், பட்டையைக் கழற்றி, உள்ளே கழுவி, புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகே கறுப்பேற்றலைத் தொடங்க முடியும்.