இணைப்புப் பாவனை நிரல்களும் வேதித்தொழிற் கட்டுப்பாடும்

வேதித்தொழிற்சாலையில் வெப்பநிலை, அழுத்தம், நீர்ம மட்டம், பாய்வளவு ஆகியவற்றை வேண்டிய எல்லைக்குள் நிறுத்துவதே செயல்முறைக் கட்டுப்பாடு எனப்படும். அளத்தல், அளந்ததைக் குறித்த மதிப்போடு ஒப்பிடுதல், வேறுபாட்டுக்கேற்ப வால்வைத் திருத்துதல் என்னும் மூன்றும் அதன் உறுப்புகளாம். இக்கலை தவறித் தவறியே கற்கத்தக்கது; ஆலையோ தவற்றைப் பொறுக்காது. இவ்விடர்ப்பாட்டை நீக்கத் துணைபுரிவன கணிப்பொறிப் பாவனை நிரல்கள். அவற்றுள் இரண்டினை இணைத்து இயக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

இம்முறையில் ஒரு நிரல் ஆலையாக நிற்கும். மற்றொன்று கட்டுப்படுத்தியாக நிற்கும். முன்னது பொருட்சமன்பாடு, ஆற்றற்சமன்பாடு ஆகியவற்றைக் கொண்டு ஆலையின் நிலையைக் கணிக்கும். பின்னது அவ்வளவீடுகளைப் பெற்று, வால்வுகளின் திறப்பை முடிவுசெய்து திருப்பி அனுப்பும். ஆலைச் சமன்பாடுகளைத் தொடாமலே கட்டுப்பாட்டு முறையை மாற்றி மாற்றிச் சோதிக்கலாம் என்பதே இப்பிரிவினையின் பயன்.

இதற்குச் சிறந்த சான்று, டவுன்சு, வோகல் என்னும் பொறியியலார் இருவர் 1993-இல் வெளியிட்ட டென்னசி ஈசுட்மன் சிக்கலாகும். வினைகலன், குளிர்விப்பான், பிரிப்பான், அமுக்கி, வடிப்புக் கோபுரம் என ஐந்து உறுப்புகள் கொண்டது அவ்வாலை. அதன் அளவீடுகள் 41. அவற்றுள் 22 தொடர்ந்து கிடைப்பன. இயைபு பற்றிய 19 காலந்தாழ்த்துக் கிடைப்பன. நாம் மாற்றத்தக்கவை 12. வினைகள் வெப்பம் உமிழ்வன ஆதலின், கட்டுப்பாடின்றி விட்டால் ஆலை நிலைகுலையும். வினைகலன் அழுத்தம் 3000 கிலோபாசுகலைக் கடப்பின் இயக்கம் தானே நிறுத்தப்படும். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட இந்நிரலைப் பின்னர் ரிக்கர் என்பார் சிமுலிங்க் சூழலோடு இணைத்தார். அதனால் மாணவர் பலர்க்கும் அது எளிதிற் கைவந்தது.

இணைப்பில் நாம் விழிப்பாக இருக்கவேண்டியது காலக்கணக்கு. இரு நிரல்களும் ஒரே கடிகாரத்திற்கு இசைந்து நடத்தல் வேண்டும். தரவு மாற்றம் பிந்துமாயின், ஆலையில் இல்லாத ஒரு தாமதம் கட்டுப்பாட்டு வளையத்துட் புகும். தாமதம் மிகுந்த வளையம் ஊசலாடும். மாணவர் அதனை ஆலையின் இயல்பென மயங்கிக் கட்டுப்படுத்தியை வேண்டாவாறு தளர்த்துவர்.

இப்பயிற்சியின் இன்றியமையாமையை 2005 மார்ச்சு 23-இல் அமெரிக்காவின் டெக்சாசு நகரச் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிப்பு உணர்த்தும். ஆலைப் பகுதியொன்றைத் தொடங்குகையில் கோபுரம் ஒன்று அளவுக்கு மேல் நிரம்பியது. மட்டங்காட்டியோ மட்டம் குறைவதாகக் காட்டியது. 15 பேர் உயிரிழந்தனர். அரிதாக நிகழும் இத்தகைய செயல்களைப் பழக, இயக்குநர்க்குப் பாவனைக் கருவி இல்லாமையை ஆய்வு வாரியம் எடுத்துக்காட்டியது.

எனினும் பாவனை நிரல் தன்னுள் எழுதப்பட்டதையன்றிப் பிறிதொன்றையும் கற்பியாது. பொய்யுரைக்கும் அளவுகருவியை ஆசிரியர் நிரலுட் புகுத்தினாலன்றி, மாணவர் அதனை ஐயுறக் கற்கமாட்டார். டென்னசி ஈசுட்மன் நிரலின் 20 இடையூறுகளுள் குளிர்நீர் வால்வு ஒட்டிக்கொள்ளுதலும் ஒன்றாக வைக்கப்பட்டமை இக்கருத்துப் பற்றியே போற்றத்தக்கது. நன்கியங்கும் ஆலையை மட்டும் காட்டும் நிரல் பாதிக் கல்வியே தரும். பழுதுற்ற ஆலையையும் காட்டுவதே முழுக்கல்வியாம்.