மொறொக்கோ ஓவியர் அகமது செர்க்காவி

கண்ட உருவத்தைக் கண்டவாறே தீட்டுதலை விடுத்து, கோட்டையும் வண்ணத்தையுமே பொருளாகக் கொண்டு வரைதலை அருவ ஓவியம் என்பர். ஐரோப்பாவிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தழைத்த இம்முறை வட ஆபிரிக்காவுக்கு இரவல் ஆடையாகவே சென்றது என்பார் பலர். அக்கூற்றை ஆராயாது ஏற்றல் பொருந்தாது என்பதற்குச் செர்க்காவியின் வாழ்வே சான்று.

அவர் 1934 இல் மொறொக்கோவின் பூஜாத் என்னும் ஊரிலே பிறந்தார். குர்ஆன் பள்ளியிற் பயின்று, காசாபிளாங்காவில் அரபு எழுத்தணிக் கலையைக் கற்றார். தாயார் பேர்பர் இனத்தவர். அவ்வினப் பெண்கள் நெற்றியிலும் நாடியிலும் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் உடையவர்களாயிருந்தனர். அப்பச்சையிற் காணும் புள்ளி, முக்கோணம், குறுக்குக்கோடு ஆகியனவே கம்பளத்திலும் மட்பாண்டத்திலும் வெள்ளியணியிலும் மீண்டும் வரும். அவை வெறும் அலங்காரமல்ல. கண்ணேறு காக்கும் என்ற நம்பிக்கையும் அவற்றோடு உண்டு. எவ்வுருவையும் போலச் செய்யாத இக்குறிகளை அருவம் என்னாது வேறென்னென்பது?

பிரான்சின் ஆட்சியினின்று மொறொக்கோ விடுதலை பெற்ற 1956 ஆம் ஆண்டிலேயே செர்க்காவி பாரிஸ் சென்றார். முரண்போலத் தோன்றினும், தாய்நாட்டின் குறிகளை அவர் தூரத்திலிருந்தே தெளிவாகக் கண்டார் எனலாம். பாரிஸிலே கைவினைக் கலைப் பள்ளியிலும், பின்னர் போலந்தின் வார்சோவிலும் பயின்றார். பிசியேர், போல் கிளே ஆகியோரின் ஓவியங்கள் அவரைக் கவர்ந்தன. கிளே தாமும் 1914 இல் தூனிசியா சென்று வண்ணத்தின் ஆற்றலை உணர்ந்தவர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது அத்துணை எளிதில் தீர்க்கக்கூடிய வழக்கன்று.

செர்க்காவி சணற்சாக்கின் மீது தடித்த வண்ணம் பூசினார். முரட்டு இழைகள் தோலைப் போலவும் மண்சுவரைப் போலவும் தோன்ற, அவற்றின்மேற் கருங்கோட்டுக் குறிகள் ஒளிரும் நிறங்களைச் சூழ்ந்து நிற்கும். பச்சைக் குறியை அவர் அப்படியே பெயர்த்தெழுதவில்லை. எழுத்தணி பயின்ற கையின் ஓட்டத்திலே அது புதுவடிவம் பெற்றது. இவரோடு ஒருங்கே முன்னோடியாக எண்ணப்படும் ஜிலாலி கர்பாவி, கட்டற்ற தூரிகை வீச்சையே நம்பினார். செர்க்காவியோ அடக்கத்தை நாடினார்.

1967 ஓகஸ்ற் மாதம், 33 வயது நிரம்புமுன்னரே, காசாபிளாங்காவில் அவர் காலமானார். ஓவியராக முழுமையாய் உழைக்கக் கிடைத்தவை பத்தாண்டுகளுக்கும் குறைவே. 1969 இல் பரீத் பெல்காகியா, மெலேகி முதலிய காசாபிளாங்காக் கலைப்பள்ளி ஆசிரியர்கள் மராக்கேசு நகரின் சந்தைச் சதுக்கத்திலே தம் அருவ ஓவியங்களைத் திறந்தவெளியிற் பொதுமக்கள்முன் வைத்தார்கள். கம்பளத்தையும் அணிகலனையும் ஆராயுமாறு தம் மாணாக்கரை ஏவியவர்களும் அவர்களே.