கப்பல் புறப்படாத நாள்

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி பிரயாணிக் கப்பல் போக்குவரவு ஆரம்பமானபோது, நெடுங்காலம் அறுபட்டிருந்த தொடர்பு மீண்டும் பிணைக்கப்பட்டதென்று இரு கரையிலுமுள்ள ஜனங்கள் பெருமகிழ்ச்சி யடைந்தார்கள். அம்மகிழ்ச்சி பல நாள் நீடிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள்ளாகவே வடகிழக்குப் பருவக்காற்றை முன்னிட்டு ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16-ந் தேதி வேறொரு கப்பலைக்கொண்டு மறுபடியும் தொடங்கினார்கள். அவ்வருஷம் நவம்பரில் அதுவும் நின்றது; 2025 பிப்ரவரியில்தான் திரும்பவும் ஓடலாயிற்று. இதனைக் கண்டு பரிகாசம் செய்தவர் பலர். அப்பரிகாசத்தில் நாம் கலந்துகொள்வதற்கில்லை.

ஏனெனில், கடலை அறிந்தவன் கப்பலை நிறுத்துவதைக் குற்றமென்று சொல்லமாட்டான். பாக் ஜலசந்தி ஆழமற்ற கடல். ஆழியில் நீண்டு தாழ்ந்து வரும் அலை ஆழமற்ற நீரில் நெருங்கிக் குறுகிச் செங்குத்தாக எழும்பும். கார்த்திகை மார்கழியில் வாடை அதன்மீது வீசும்போது, சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தை நாலு மணி நேரத்தில் கடக்கும் சிறிய கப்பல் என்ன பாடுபடுமென்பதை விவரிக்கவேண்டுவதில்லை. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற ரயில்வண்டி பிரயாணிகளோடு கடலுக்கு இரையானதை நம்மவர் மறந்திருக்க முடியாது. இலங்கைக் கப்பலுக்கு ஆள் ஏற்றிய துறையும் அவ்வூரோடு அழிந்தது. அபாயம் தெரிந்தும் புறப்படுவது தைரியமாகாது.

ஆனால், நிறுத்துவது வேறு. நிறுத்தியதைச் சொல்லாதிருப்பது வேறு. பருவக்காற்று நேற்று முளைத்த அதிசயமன்று. ஐப்பசி பிறந்தால் அது வருமென்பதைப் பஞ்சாங்கம் பாராத மீனவச் சிறுவனும் அறிவான். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை கப்பல் இல்லை யென்று ஆடி மாதத்திலேயே அறிவித்துவிட்டால், கல்யாணத்துக்கு நாள் வைப்பவர்களும் ஸ்தல யாத்திரை செல்பவர்களும் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். பருவத்துக்குப் புறம்பாகத் திடீரென்று காற்று மிகுந்து ஒருநாள் ஓட்டம் ரத்தாவது தவிர்க்க முடியாதது. அந்நாளிலும் பிரயாணி கேட்பதெல்லாம், உண்மையான செய்தி உரிய நேரத்தில் வேண்டுமென்பதே. துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றுகிறார்கள். கோயமுத்தூரிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் இரவு முழுதும் பஸ்ஸில் வருகிறவனுக்கு அக்கூண்டு தெரியுமா?

இவ்விஷயத்தில் கிரேக்க தேசத்தாரின் வழக்கம் கவனிக்கத்தக்கது. ஈஜியன் கடலில் எண்ணற்ற தீவுகள். கோடையில் 'மெல்தெமி' யென்னும் வடகாற்று நாட்கணக்கில் வீசும். காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை வகுத்த பியூபோர்ட் அளவில் 8-ஐ அது எட்டினால், துறைமுக அதிகாரிகளே கப்பல்களைத் தடுத்துவிடுகிறார்கள். வேகமான சிறு கலங்களுக்கு அதற்குக் குறைந்த காற்றிலேயே தடை. ஆகவே அங்கே பிரயாணி மாலுமியோடு சண்டையிடுவதில்லை. மாலுமியும் முதலாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய யூனியனின் 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கப்பல் ரத்தானாலும் 90 நிமிஷத்துக்குமேல் தாமதமானாலும் பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு வழியில் செல்லவோ பிரயாணிக்கு உரிமையுண்டு; புறப்படவேண்டிய நேரம் கடந்து 30 நிமிஷத்துக்குள் விஷயத்தை அவனுக்குத் தெரிவித்தாகவேண்டும். வானிலையினால் நேர்ந்த தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. கப்பலை இயக்குவது ஆபத்தாயிருக்குமளவு வானிலை கெட்டிருந்தால் விடுதிச் செலவும் கொடுக்கவேண்டியதில்லை. காற்றுக்குக் கம்பெனி பொறுப்பாளியன்று, மௌனத்துக்குப் பொறுப்பாளி என்ற இந்தப் பாகுபாடு நமக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்ப்போம். வேலணை, புங்குடுதீவு முதலியவற்றுக்குக் கடலை ஊடறுத்த சாலை யுண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகே கதி. புங்குடுதீவின் மேற்கிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஆனி ஆடியில் சோழகமும், மார்கழியில் வாடையும் கிளம்பினால் அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளாகலாம், இரண்டு நாளுமாகலாம். குதிரைகளையும் பவளக்கல் வேலிகளையும் பார்க்கச் சென்ற உல்லாசப் பிரயாணிக்கு அதனால் விளைவது சலிப்பு. அத்தீவில் வாழ்கிறவர்களுக்கு விளைவதோ வேறு. பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டிய கர்ப்பவதி, அக்கரையிலிருந்து வந்து பாடஞ்சொல்லும் ஆசிரியர், கடைக்கு வரவேண்டிய அரிசி மூட்டை எல்லாம் அந்தப் படகை நம்பியே இருக்கின்றன.

ஆகவே தீவுகளுக்குச் செல்லும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்வது நம் கடமையாகிறது. திரும்பி வரும் கப்பலையும், மறுநாள் காலை ஆகாய விமானத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். நடுவில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். வேற்று நாடானால் அனுமதிச் சீட்டின் கடைசித் தேதியன்று துறையில் போய் நிற்பது புத்திசாலித்தனமாகாது. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்ளுகிறவர்கள் மூன்று நாளைக்குரியதை அதிகமாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். கப்பலின் அடித்தட்டில் போட்ட பெட்டியில் வைத்துப் பயனில்லை. சிறு தீவில் பணம் தரும் இயந்திரம் உண்டென்று நம்பாமல் ரொக்கம் கொண்டு செல்க. வானம் தெளிவாயிருக்கிறதே, ஏன் படகு போகவில்லையென்று கோபிக்கிறவர்கள் துறையோரத்து மீனவரைக் கேட்கட்டும். வெயில் காய்கிற நாளிலும் கடல் பொங்கி நிற்பதுண்டு. படகோட்டி வேண்டாமென்றபின், கூடுதலாகப் பணம் தருகிறோம் என்று வேறொரு சிறு தோணியைத் தேடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அக்காசுக்கு ஆசைப்படுகிற ஏழைத் தோணிக்காரனுடைய உயிரையும் சேர்த்தே அவர்கள் விலைபேசுகிறார்கள்.

காற்று அடங்கி முதற்படகு புறப்படும் காலைதான் மிகவும் கடினமானது. இரண்டு நாள் தேங்கிய கூட்டம் முழுதும் ஒரே படகுக்கு நெருக்கியடிக்கும். குரல் உரத்தவனும் தோள் வலுத்தவனும் முன்னே ஏறிவிடுகிறார்கள்; முன்கூட்டிச் சீட்டு வாங்கிய வெளியூரார் சட்டம் பேசுகிறார்கள். நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள் பின்னே நிற்கிறார்கள். அன்றைக்கு யார் முதலில் ஏறுவதென்பதைத் துறையிலுள்ளவர்களின் தாட்சணியத்துக்கு விட்டுவிடாமல், அதிகாரிகள் முன்னதாகவே எழுதி ஒட்டிவைக்கவேண்டும்: நோயாளிகளும் பிரசவத்துக்குச் செல்வோரும் முதலில், பரீட்சைக்குச் செல்லும் மாணவரும் ஆசிரியரும் அடுத்து, பிறகு தீவின் குடிகள், வேடிக்கை பார்க்க வந்த நம்மைப் போன்றவர்கள் கடைசியில். நமக்கு இன்னொரு படகு வரும்வரை துறையோரத்தில் தேநீர் கிடைக்கும்.